அம்மாவின் கடைசித் தபசு

இப்போது எல்லாரும் தவக்காலம் என்கிறார்கள். பங்குச் சுவாமிமாரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள், நாட்காட்டியிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. எங்கள் வயதுக்காரருக்கு அது தபசுகாலம்தான். அந்தச் சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலருக்கு ஊதாத் துணியின் மணம் வரும். ஒரு வருடம் பெட்டிக்குள் மடிந்து கிடந்து, பூச்சி உருண்டை மணத்தோடு வெளியே வந்து, கோயிலிலுள்ள சுருபங்களையெல்லாம் தலையோடு மூடிவிடும் துணி. சிலருக்குப் பசாம் பாட்டின் இழுவை காதில் கேட்கும். பெரிய வெள்ளியன்று மணி அடிக்காமல் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு போவார்களே, அந்தச் சத்தம் சிலருக்கு. எனக்கு முதலில் வருவது எங்கள் குசினி அடுப்பருகே இருந்த தகரச் சீனிப் பேணி.

நாங்கள் அப்போது கொக்குவிலில் இருந்தோம். அப்பாவுக்குப் புகையிரதப் பகுதியில் வேலை. ஸ்டேசனுக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் ஒரு வாடகை வீடு. முன்பக்கம் மதில், பக்கங்களில் தென்னோலைக் கிடுகு வேலி. ஒழுங்கை முழுக்கச் சைவக் குடும்பங்கள். வேதக்காரர் வீடு என்றால் அது எங்கள் வீடு ஒன்றுதான். அம்மா பாஷையூரில் கடலைப் பார்த்து வளர்ந்தவர். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரிலிருந்து வந்து, வெள்ளிக்கிழமைகளில் மீன் மணக்காத ஒழுங்கையில் குடியிருந்தார். அயலுக்கு மரியாதை என்று அவரும் வெள்ளியில் மீன் சமைக்க மாட்டார்.

பக்கத்து வளவில் ஒரு மாஸ்டர் இருந்தார். எந்தக் கோயிலுக்கும் போகாதவர், மேதின ஊர்வலத்துக்கு மட்டும் தவறாதவர். அவருடைய மனைவி வெள்ளிதோறும் பிள்ளையார் கோயிலுக்குப் போவார். இரண்டு பேருக்கும் நடுவில் வளர்ந்ததாலோ என்னவோ, அவர்களுடைய மகள் எதையும் கேட்காமல் விடமாட்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அவள் ஊர்ப் பள்ளிக்கூடம், நான் ரவுணில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வேலியில் ஓட்டையாய் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து அவள் எங்கள் வளவுக்கு வந்துவிடுவாள், அல்லது நான் அங்கே போய்விடுவேன்.

நான் புதுநன்மை, அதாவது முதல்முறை நற்கருணை, வாங்க இருந்த வருடம் அது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். விபூதிப் புதனன்று காலைப் பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்தேன். பொட்டுக்குள்ளால் தலையை நீட்டியவள் வாயைப் பிளந்தாள்.

"என்னடி, சைவத்துக்கு வந்திட்டியளோ?"

"போடி. இது எங்கடை விபூதி. மனுசர் மண்ணாய்த்தான் போவினமெண்டு காட்டுறதுக்கு."

"எங்கடை அம்மாவும் உதைத்தான் சொல்லுறவ. சாணிச் சாம்பலெண்டு ஐயா சொல்லுறவர். உங்கடை என்ன சாம்பல்?"

"போன வருசத்துக் குருத்தோலையை எரிச்சது."

கிட்ட வந்து என் நெற்றியை மணந்து பார்த்தாள். "மணமே இல்லையே," என்று ஏமாற்றத்தோடு சொன்னாள். அதோடு விடவில்லை. கோயிலுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள் போல. "உங்கடை சாமியளை ஏன் போர்த்து வைச்சிருக்கினம்? குளிரோ?"

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவளுடைய கேள்விகளில் நக்கல் இருக்காது, அதுதான் கரைச்சல். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள்.

தபசுகாலத்துக்கு என்னுடைய ஒறுத்தல் சீனி. தேத்தண்ணியில் சீனி போடுவதில்லை என்று சிஸ்டரிடம் சொல்லியிருந்தேன். முதல் நாள் பின்னேரம் அந்தக் கசப்புச் சாயத்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு நான் குடிப்பதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தச் சீனி ஆருக்குப் போகுது?"

"ஒருத்தருக்கும் போகேல்லை. யேசுவுக்காக ஒறுக்கிறன்."

"பேணிக்கைதானே கிடக்கு. உயிர்த்த ஞாயிறு முடிய நீதான் அள்ளித் தின்னப்போறாய். கடவுளுக்கு என்ன லாபம்?"

அம்மா விறாந்தையில் தையல் மெசினில் இருந்தார். என்னுடைய புதுநன்மைச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி மடியிலிருந்து நிலம்வரை வழிந்து கிடந்தது. நாங்கள் கதைத்தது அவருக்குக் கேட்டிருக்கிறது. மெசினை நிறுத்திவிட்டு அவளைக் கூப்பிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"நல்ல கேள்வி பிள்ளை. நானும் சின்னனிலையிருந்து ஒறுக்கிறன், உதை யோசிக்கேல்லை."

எழும்பிப் போய் ஒரு வெறும் பேணியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். நான் சீனி போடாமல் குடிக்கிற ஒவ்வொரு கோப்பைத் தேத்தண்ணிக்கும் ஒரு கரண்டி சீனியை அந்தப் பேணிக்குள் போடவேண்டும், அது கோயிலடியில் தனிய இருக்கிற கிழவிக்குப் போகும் என்றார். அன்று முதல் என் கூட்டாளி ஒவ்வொரு பின்னேரமும் வந்து நின்று, கரண்டியில் சீனி குறைகிறதா என்று பார்த்தாள். குறைந்தால், "கோபுரமாய் அள்ளடி," என்பாள். கடவுளில் நம்பிக்கை இல்லாதவள் என் ஒறுத்தலுக்குக் காவல் நின்றாள். அம்மா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். அவளை அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போய்விட்டது.

தபசுகால வெள்ளிகளில் எங்கள் சின்னக் கோயிலில் பசாம் படிப்பார்கள். யேசுவின் பாடுகளைச் சொல்லி அழும் பாட்டு. அம்மாதான் அங்கே முன்னுக்கு நின்று படிப்பவர். வீட்டில் சமைத்துக்கொண்டே படித்துப் பார்ப்பார். என் கூட்டாளி குசினி வாசலில் குந்தியிருந்து கேட்பாள்.

"மாமி, அவர் கடைசியிலை உயிர்த்து வந்திடுவார் எண்டு தெரியுந்தானே. பேந்தேன் வருசா வருசம் அழுறியள்?"

அம்மா அகப்பையால் கறியைக் கிளறிவிட்டார்.

"பிறகு நடக்கப்போறது தெரிஞ்சாப்போலை நோவு குறையுமே பிள்ளை?"

அந்த வருடம் அம்மாவின் குரல் பாட்டின் நடுவில் உடைந்து உடைந்து போனது. சளி என்றார். பனங்கட்டியும் மிளகும் போட்டுக் கொதிக்கவைத்துக் குடித்தார். போகவில்லை.

ஒறுத்தல் என்று அம்மா இறைச்சியோடு மீனையும் விடுவது ஒவ்வொரு வருடமும் நடப்பது. அந்த முறை சோறும் குறைந்தது. எங்களோடு இருந்து சாப்பிடுவதை விட்டார். "நான் பேந்து சாப்பிடுறன், நீங்கள் சாப்பிடுங்கோ," என்பார். கொஞ்ச நாளில், "எனக்கு இண்டைக்குக் கஞ்சி போதும்," என்றார். சட்டையின் கை தொளதொளத்தது. தாலிச் சங்கிலி கழுத்தெலும்பில் ஏறி இறங்கியது. அப்பா அதைக் கவனிக்காமல் இல்லை. கவனித்துப் பெருமைப்பட்டார். என்னிடம், "உன்ரை அம்மாவைப் பாத்துப் படி. உன்ரை புதுநன்மைக்காகத்தான் உவ்வளவும்," என்று சொல்வார். அப்பா காலைப் பூசைக்குத் தவறாதவர். சுவாமியாருக்கும் சொல்லியிருக்கிறார்.

தபசின் நடுவில் ஒரு ஞாயிறு, சுவாமியார் பிரசங்கத்தில் அதைச் சொல்லிவிட்டார்.

"எங்கள் பங்கிலே ஒரு தாய் இருக்கிறார். பிள்ளை நல்ல இருதயத்தோடு ஆண்டவரை ஏற்கவேண்டும் என்று தன் சரீரத்தை ஒறுத்து, கஞ்சித் தண்ணீரோடு நாளைக் கழிக்கிறார். தபசு என்றால் என்ன என்று என்னிடம் கேட்காதேயுங்கள், அந்தத் தாயைப் பாருங்கள்."

பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. கோயில் முழுவதும் திரும்பி எங்களைப் பார்த்தது. அப்பா ஆண்கள் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார். அம்மா தலைத் துணியை முகத்துக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டார். அதைத் தாழ்ச்சி என்று நினைத்தேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் அம்மாவைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் தன் மகனின் சோதனைக்காக மன்றாடச் சொன்னார், இன்னொருவர் கைபிடித்துக் கண்ணில் ஒற்றினார். அம்மா எல்லாருக்கும் தலையை ஆட்டினார். ஒரு சொல் பேசவில்லை. இன்றைக்கு நினைக்கும்போது, அந்த ஞாயிறுதான் அம்மாவின் வாயைக் கட்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. அதுவரை சொல்ல நினைத்திருந்தாலும், அதற்குப் பிறகு எப்படிச் சொல்வார்?

அடுத்த கிழமை என் கூட்டாளி என்னை மாமரத்தின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"உன்ரை அம்மா உண்மையிலை விரதமோ?"

"ஓம். சுவாமியாரே சொன்னவர்."

"விரதம் இருக்கிறவை வாயிலை வைப்பினமோ?"

அவள் கண்டிருக்கிறாள். குசினிக்குப் பின்புறக் கோடியில், தேசிமரத்தடியில் அம்மா நின்றிருக்கிறார். குழைத்த சோற்றை ஒரு சின்ன உருண்டையாக வாயில் வைத்து, நெடுநேரம் மென்று, கண்ணை மூடிக்கொண்டு தலையை நிமிர்த்தி, பிறகு குனிந்து துப்பியிருக்கிறார். வாயைக் கொப்பளித்துவிட்டு இன்னொரு உருண்டை. அதுவும் அப்படியே. மிச்சத்தைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்.

எனக்கு அதற்கும் ஒரு விளக்கம் இருந்தது. சிஸ்டரிடம் படித்தவள் அல்லவா? "சாப்பிடாமல் இருக்கிறது லேசு. வாயிலை வைச்சு உருசி பாத்திட்டு விடுறதுதான் பெரிய ஒறுத்தல்," என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கண்ணாலை தண்ணி வந்ததடி," என்றாள்.

அவள் போய் என் அப்பாவிடமே கேட்டாள். நான் மறித்தேன், கேட்கவில்லை. அப்பா வேலையால் வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒண்டு கேக்கட்டோ?"

"கேள் பிள்ளை."

"மாமி குசினிக் கோடியிலை நிண்டு சோறு வாயிலை வைக்கிறவ. நான் கண்டனான். விரதமெண்டால் அப்பிடி..."

அதற்குமேல் அவளைச் சொல்லவிடவில்லை. அப்பாவின் முகம் கறுத்தது.

"என்ன சொல்லுறாய்? என்ரை மனிசி ஊருக்கு விரதம் காட்டிப்போட்டு ஒளிச்சுத் தின்னுறா எண்டோ?"

"இல்லை மாமா, நான்..."

"கதையாதை! கடவுள் இல்லாத வீட்டிலை வளந்தால் உப்பிடித்தான் கண் போகும். இனி இந்த வளவுக்கை கால் வைக்கப்படாது. போ!"

அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பொட்டுக்குள்ளால் போய்விட்டாள். அப்பா அன்றே இரண்டு பனைமட்டைகளை வைத்துக் கட்டி அந்தப் பொட்டை அடைத்தார். அம்மா அதைத் துப்பினார் என்ற இன்னும் ஒரு வசனத்தை அவளைச் சொல்ல விட்டிருந்தால் போதும். அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அவள் வந்தாள். அப்பா கொடுமைக்காரர் இல்லை. தன் மனைவியின் புனிதத்தில் ஒரு சிறு பிள்ளை சந்தேகப்பட்டுவிட்டாள் என்றுதான் அவருக்குக் கேட்டது. வேறு எதுவும் அவருடைய காதில் விழவில்லை.

அம்மா வீட்டுக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அப்பா வேலைக்குப் போனதும் என்னைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் போனார். கிடுகு விலகியிருந்த இடத்தில் நின்று மெல்லக் கூப்பிட்டார். அவள் அந்தப் பக்கம் வந்து நின்றாள். கிடுகு இடுக்கில் அவளுடைய ஒரு கண்ணும் கன்னமும்தான் தெரிந்தன.

"கண்டனியோ பிள்ளை?"

"ஓம் மாமி."

"உன்ரை அம்மாட்டைச் சொன்னனியோ?"

"இல்லை. உங்களுக்கு நோகுதோ?"

அம்மா வேலிக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு, பெரியவர் ஒருவரிடம் சொல்வதுபோல அவளிடம் சொன்னார்.

"சோறு இறங்குதில்லைப் பிள்ளை. இந்த இடத்திலை நிண்டுபோகுது. கஞ்சித் தண்ணிதான் போகுது. இவளின்ரை புதுநன்மை முடியட்டும், நான் ஆசுப்பத்திரிக்குப் போவன்."

"இப்ப போனால் என்ன மாமி?"

"இப்ப போனால் அங்கை மறிச்சுப் போடுவினம். பேந்து இவள் வெள்ளைச் சட்டையோடை தாயில்லாமல் கோயிலுக்குப் போகவேணும். உயிர்த்த ஞாயிறு மட்டும் பொறு. ஒருத்தரிட்டையும் சொல்லாதை. சத்தியம் பண்ணு."

"எந்தச் சாமியிலை மாமி? எனக்கு ஒருத்தரும் இல்லையே."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமெடுத்தது.

"அப்ப என்னிலை பண்ணு."

கையை வேலிக்குள்ளால் நீட்டினார். கிடுகு கீறி மணிக்கட்டில் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவள் தன் கையை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

நான் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டேன். எனக்குப் பயம் வரவில்லை. ஆசுப்பத்திரி என்றால் சுகமாக்கி அனுப்பும் இடம் என்றுதான் எனக்குத் தெரியும். பயந்தவள் அவள். எண்பதுகளின் தொடக்கத்தில், அவள் கலியாணம் செய்து கொடிகாமத்துப் பக்கம் இருந்தபோது, கடைசியாகச் சந்தித்தோம். "சாமியிலை பண்ணியிருந்தால் உடைச்சிருப்பன். மாமியிலை பண்ணினதை என்னெண்டடி உடைக்கிறது?" என்றாள். அத்தனை வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

குருத்தோலை ஞாயிறு போனது. பெரிய வெள்ளி வந்தது. அம்மா பசாம் படிக்கவில்லை. குரல் இல்லை. வேறொருவர் படிக்க, அம்மா உதடுகளை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். அவருடைய கண்ணீரைப் பார்த்து மற்றப் பெண்கள் அழுதார்கள்.

உயிர்த்த ஞாயிறு விடிந்ததும் அம்மா எனக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார். கழுத்தைச் சுற்றி லேஸ், இடுப்பில் பட்டு நாடா, தலையில் முக்காடும் சின்னப் பூக்கிரீடமும். குனிந்து என் சப்பாத்து வாரைப் பூட்டியவர் எழும்புவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டார். கோயிலில் ஊதாத் துணிகள் போய், சுருபங்கள் எல்லாம் புதிதாகக் கழுவினதுபோல நின்றன. நான் முழந்தாளில் இருந்து நாக்கை நீட்டி ஆண்டவரை வாங்கினேன். அது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பல்லில் படக்கூடாது என்று சிஸ்டர் சொன்னதை நினைத்துக்கொண்டு இடத்துக்குத் திரும்பினேன். பிறகு பெரியவர்கள் போனார்கள். அம்மாவும் போனார். வாங்கிவிட்டு வந்து எனக்குப் பின்வரிசையில் முழந்தாளிட்டார். நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அம்மா தொண்டையில் கைவைத்து, கண்ணை இறுக மூடி, அசையாமல் இருந்தார். கடைசி ஆசீர்வாதம் முடிந்து எல்லாரும் எழும்பிய பிறகும் அவர் எழும்பவில்லை. அந்த மெல்லிய அப்பம் இறங்கும்வரை இருந்திருக்கிறார்.

வீட்டில் ஆட்டிறைச்சிக் கறி. அம்மாவின் பக்கத்து ஆட்கள் பாஷையூரிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா அன்றைக்கு நல்ல சந்தோசமாக இருந்தார். எல்லாருக்கும் முன்னால், தன் கையாலேயே அம்மாவின் சோற்றுக் கோப்பையில் சோறும் நல்ல ஒரு துண்டு இறைச்சியும் வைத்தார்.

"இனிச் சாப்பிடலாம். தபசு முடிஞ்சுது."

அம்மா அப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் எனக்குத் தெரிகிறது. ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழும்பிப் பின்பக்கம் போனார். சிரித்துக்கொண்டே செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அப்பா பின்னால் போனார், நானும் போனேன்.

தேசிமரத்தடியில் அம்மா குனிந்து நின்றார். கூட்டாளி சொன்ன அதே இடம். அப்பாவின் கையிலிருந்த செம்பு சரிந்து தண்ணீர் அவருடைய வேட்டியில் கொட்டியது.

"எவ்வளவு நாளாய்?"

"விபூதிப் புதனுக்கு முன்னமே."

"முன்னமேயோ? அப்ப அந்தப் பிள்ளை..."

அதை அவர் முடிக்கவில்லை.

பிறகு நடந்ததை உங்களுக்கு நீட்டிச் சொல்லத் தேவையில்லை. இங்கே ஆசுப்பத்திரியில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அப்பா அம்மாவை ரெயிலில் கூட்டிக்கொண்டு போனார். தொண்டைக்குக் கீழே கட்டி. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருக்கலாமே என்று அங்கே டொக்டர் ஒருவர் சொன்னாராம். எவ்வளவு முந்தி என்று அவர் சொல்லவில்லை, அப்பா கேட்கவுமில்லை. பல வருடங்களுக்குப் பிறகு நான் தெரிந்த டொக்டர் ஒருவரிடம் விசாரித்தேன். அந்தக் காலத்து வைத்தியத்துக்கு அந்தச் சில கிழமைகள் பெரிய வித்தியாசம் செய்திராது என்றார். அதைக் கேட்க அப்பா அப்போது உயிரோடு இல்லை. அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்து, மாரி தொடங்கமுன் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதத்தில் மாஸ்டர் வீட்டு மாமிதான் வந்து துடைத்து, உடுப்பு மாற்றிப் பார்த்தவர். பனைமட்டைகளை அப்பாவே அவிழ்த்துவிட்டிருந்தார். கூட்டாளி அம்மாவின் கட்டிலருகே வந்து இருப்பாள். கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் எனக்கு முதல் பயத்தைத் தந்தது.

அடுத்த தபசு வந்தது. விபூதிப் புதனன்று அப்பா கோயிலுக்குப் போகவில்லை. நான் தேத்தண்ணியில் சீனி போடாமல் கோப்பையை எடுத்தேன். அவர் வந்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, என் முன்னால் வைத்து, நான் குடித்து முடிக்கும்வரை நின்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வேளையும் அப்படித்தான். சோறு போட்டு வைத்துவிட்டு எதிரில் இருந்து என் தொண்டையைப் பார்ப்பார். ஒவ்வொரு வாயும் இறங்குகிறதா என்று பார்ப்பார். எனக்குச் சோறு விக்கும். விக்கினால் அவருடைய முகம் வெளிறும்.

சுவாமியார் ஒருநாள் வந்தார். அப்பா கதிரை போட்டு, தேத்தண்ணியும் கொடுத்தார். மரியாதையில் குறை வைக்கவில்லை.

"கோயிலடியிலை காணேல்லை," என்றார் சுவாமியார்.

"இந்த வீட்டிலை இனி ஒருத்தரும் பட்டினி கிடக்கமாட்டினம், சுவாமி."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. சுவாமியார் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நல்லதெண்டு நினைச்சுத்தான் அண்டைக்குச் சொன்னனான்."

"நானுந்தான் சுவாமி," என்றார் அப்பா.

அவ்வளவுதான் கதைத்தார்கள். அப்பா பட்டினியைத்தான் குற்றவாளியாக்கினார். எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. அம்மாவைப் பட்டினி கொல்லவில்லை. பட்டினி என்று நாங்கள் எல்லாரும் நினைத்ததுதான் அம்மாவுக்கு ஒளிக்க இடம் கொடுத்தது. ஆனால் அதை அவருக்குச் சொல்லும் வயது எனக்கு வந்தபோது, சொல்லும் துணிவு வரவில்லை.

பெரிய வெள்ளியன்று காலை அப்பா சந்தைக்குப் போய் விளைமீன் வாங்கிவந்தார். தானே வெட்டிக் கழுவிக் கறி வைத்தார். சரக்குத்தூள் கூடிப்போய்க் கறி கறுப்பாக இருந்தது. வெள்ளிக்கிழமை, அதுவும் பெரிய வெள்ளி. எங்கள் வீட்டிலிருந்து மீன் மணம் ஒழுங்கை முழுக்கப் போனது. நான் குசினிக்குள் போகாமல் விறாந்தையில் இருந்தேன். மத்தியானம் அவர் வேலியடியில் போய் என் கூட்டாளியைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, வா. எங்களோடை சாப்பிடு."

வந்தாள். அப்பா இரண்டு கோப்பைகளில் எங்களுக்குச் சோறு போட்டார். எனக்கு மீனைப் போட்டார். அவளுடைய கோப்பைக்கு அகப்பையைக் கொண்டுபோனபோது, அவள் கையை மேலே வைத்து மறித்தாள்.

"வேண்டாம் மாமா."

"ஏன்? உங்கடை வீட்டிலை வெள்ளியிலை மீன், மச்சம் சாப்பிடுறேல்லையோ? உன்ரை ஐயா சாப்பிடுறவர்தானே."

"அதில்லை. மாமி இண்டைக்கு மீன் சமைக்கமாட்டா."

அகப்பையிலிருந்து குழம்பு மேசையில் சொட்டியது. அப்பா ஏசப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். எங்களுக்கு எதிரே கதிரையில் இருந்தார். நெடுநேரம் மூன்று பேரும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவரும் சாப்பிடவில்லை. தூரத்தில் கோயில் ஆட்கள் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு ஒழுங்கைகளால் போகும் சத்தம் கேட்டது.

"போய் முகத்தைக் கழுவு," என்றார் என்னிடம். "நான் கொண்டுபோய் விடுறன்."

மூன்று பேருமாக நடந்து போனோம். கோயில் மதிலுக்குப் பக்கத்தில், வெயில் படாத ஓர் ஓரத்தில் அப்பா நின்றுவிட்டார். "நீ போ," என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவளும் தலையை ஆட்டினாள். நான் முக்காட்டைப் போட்டுக்கொண்டு தனிய உள்ளே போனேன். அதற்குப் பிறகும் அப்பா எத்தனையோ வருடம் என்னைக் கோயில்வரை கொண்டுவந்து விட்டார். உள்ளே வரவேயில்லை. கடைசியில் அவருடைய சவப்பெட்டியைத்தான் நாங்கள் உள்ளே கொண்டுபோனோம்.

அன்றைக்கு உள்ளே பசாம் தொடங்கியிருந்தது. அம்மா நிற்கும் இடத்தில் வேறொருவர் நின்று படித்தார். பக்கக் கதவு திறந்து கிடந்தது. அதற்குள்ளால் மதிலும் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். கடவுளோடு கோபித்துக்கொண்ட என் அப்பாவும், கடவுளே இல்லை என்ற என் கூட்டாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். பாட்டு முடியும்வரை அவர்கள் அசையவில்லை.

திரும்பி வரும்போது அப்பா முன்னால் நடந்தார். நான் அவளுடைய கையைப் பிடித்து மெல்லக் கேட்டேன்.

"என்னடி கதைச்சனீங்கள் அவ்வளவு நேரமும்?"

"ஒண்டும் கதைக்கேல்லை," என்றாள். "மாமா அழுதுகொண்டு நிண்டவர். நானும் நிண்டனான்."